பெருவெடிப்புக்கு முன் கடவுளைத் தேடலாமா?

காவிரிக்கரையான் (மயிலாடுதுறை), தொடக்கப் பதிவு

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வக வளாகத்தில் நடராசர் சிலை நிற்கும் படமும், அதன் கீழே 'பெருவெடிப்பைச் சைவம் அன்றே சொல்லிவிட்டது, விஞ்ஞானிகள் இன்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்' என்ற வாசகமும் மார்கழி பிறந்தாலே நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. சிலை அங்கே இருப்பது உண்மைதான். 2004ஆம் ஆண்டு இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கியது அது. ஆனால் ஓர் அன்பளிப்பு எந்தக் கொள்கைக்கும் சான்றாகிவிடாது. இதற்கு மறுப்பாக வரும் செய்திகளோ, 'பெருவெடிப்பு உறுதியாகிவிட்டது, ஆகவே படைத்தவன் என்று ஒருவன் இல்லை' என்று முடிகின்றன.

இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் வழுக்குகின்றன என்பது என் எண்ணம். பேரண்டம் இன்மையிலிருந்து எப்படித் தோன்றியது என்பதைப் பெருவெடிப்புக் கொள்கை சொல்வதாக இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கொள்கை உறுதியாகச் சொல்வது அதைவிடக் குறைவானது: நாம் இன்று காணும் பேரண்டம் ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பமும் அடர்த்தியும் கொண்ட நிலையில் இருந்தது, அந்த நிலையிலிருந்து விரிந்து குளிர்ந்து வந்திருக்கிறது. அந்த வெப்பமான நிலைக்கு முன்னால் என்ன இருந்தது, 'முன்னால்' என்று ஒன்று இருந்ததா என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. எனவே இறைவனை நம்புவோர் தம் நம்பிக்கைக்கும், மறுப்போர் தம் மறுப்புக்கும் இதை அடிக்கல்லாக நாட்டக் கூடாது என்று கருதுகிறேன். நான் கோயிலுக்குப் போகிறவன் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கருத்து உடையவர்கள் விரிவாக எழுத வேண்டும்.

மன்னைப் பகுத்தறிவாளன் (மன்னார்குடி)

தோழர் காவிரிக்கரையானுக்கு வணக்கம். நடுநிலையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரு தரப்பையும் ஒரே தட்டில் வைத்தது சரியில்லை என்று நினைக்கிறேன். நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தஞ்சை மண்ணில் பெரியம்மை கண்டால் அது மாரியம்மனின் சினம் என்றே நம்பினார்கள். அது ஒரு வைரசால் வருவது என்று தெரிந்தது, தடுப்பூசி வந்தது, 1980இல் உலகிலிருந்தே அந்த நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இடி, மின்னல், கிரகணம், வறட்சி என்று எதை எடுத்தாலும், தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்ட விளக்கம் விலகி இயற்கை விளக்கம் வந்து அமர்ந்திருக்கிறதே தவிர, மறுதிசையில் ஒருமுறைகூட நடந்ததில்லை. இத்தனை முறை ஒரே பக்கம் சாய்ந்த தராசு, கடைசிக் கேள்வியில் மட்டும் மறுபக்கம் சாயும் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுள் மறுப்பு ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். சிங்காரவேலர் 'குடிஅரசு' இதழில் அறிவியலையும் பொருள்முதல்வாதத்தையும் தமிழில் எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மணிமேகலைக் காப்பியத்தில் பூதவாதி என்னும் பொருள்முதல்வாதி வந்துவிட்டான். காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்ணான மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரையும் அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். தாதகிப் பூவையும் கருப்புக்கட்டியையும் சேர்த்து ஊறவைத்தால் அவற்றில் முன்பு இல்லாத மயக்கம் தரும் தன்மை பிறப்பதைப்போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்று பூதவாதி அவளிடம் சொல்கிறான். படைப்பவன் ஒருவன் வேண்டியதில்லை என்ற எண்ணம் இந்த மண்ணிலேயே பழையது.

சித்தாந்தம் பயில்பவன் (திருவிடைமருதூர்)

பெரியவர்களுக்கு வணக்கம். மன்னைத் தோழரின் கேள்வி, 'இல்லாத உலகத்தை இருக்கும்படி செய்தவன் யார்' என்று கேட்கும் சமயங்களுக்குப் பொருந்தும். சைவ சித்தாந்தத்திற்குப் பொருந்தாது. திருவாவடுதுறை, தருமபுரம் ஆகிய சைவ மடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லப்பட்டு வரும் கொள்கையின்படி, உலகம் இன்மையிலிருந்து வந்ததே அன்று. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைப் பிணிக்கும் தளை) ஆகிய மூன்றும் தொடக்கம் இல்லாதவை. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரிய வாதம். மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து உலகம் தோன்றுகிறது, நிலைக்கிறது, அதிலேயே ஒடுங்குகிறது, மீண்டும் தோன்றுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று வகுப்பதுபோல, உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவனுடைய சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். மெய்கண்டார், சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்தின் முதல் நூற்பாவிலேயே, உலகம் தோற்றம் முதலிய மூன்று தொழிலுக்கும் உட்படுவது என்பதையும், எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே அது மீளத் தோன்றும் என்பதையும், ஒடுக்குகிறவனே முதல்வன் என்பதையும் நிறுவிவிடுகிறார்.

ஆகவே 1380 கோடி ஆண்டுகள் என்ற கணக்கு எங்களுக்கு இடையூறும் அன்று, துணையும் அன்று. அது பல தோற்றங்களுள் ஒன்றாக இருக்கலாம். செர்ன் படத்தைப் பரப்புகிறவர்கள் சித்தாந்தத்தைப் படித்தவர்களாக இருக்க முடியாது என்பதில் இழையைத் தொடங்கிய ஐயாவுடன் உடன்படுகிறேன்.

நாகூர்க் கடலோரம் (நாகூர்)

அனைவர்க்கும் அமைதி உண்டாகட்டும். தம்பி சொன்னது அழகான கொள்கை. ஆனால் பொருளும் இறைவனைப்போலவே என்றென்றைக்கும் உள்ளது என்று வைத்துவிட்டால், இறைவனை முழுமுதல் என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற ஐயம் எனக்கு எழுகிறது. எங்கள் இஸ்லாமிய மரபில் இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) எடுத்துரைத்த வாதம் சுருக்கமானது: தொடக்கம் உடைய ஒவ்வொன்றுக்கும் அதைத் தொடங்கிவைத்த ஒரு காரணம் உண்டு, உலகம் தொடக்கம் உடையது, ஆகவே உலகத்துக்குக் காரணம் உண்டு. கடந்த காலம் முடிவின்றிப் பின்னோக்கி நீளுமானால், முடிவற்ற நாட்கள் கழிந்தபின் அல்லவா இன்றைய நாள் வந்திருக்க வேண்டும்? முடிவில்லாதது எப்படிக் கழிந்து முடியும்? இந்தக் கேள்விக்கு வானியல் தேவைப்படவில்லை. ஆனால் பேரண்டத்துக்கு வயது உண்டு என்று வானியலும் சொல்லத் தொடங்கியபோது, அந்த வாதத்தின் இரண்டாம் படி வலுப்பெற்றது என்று நாங்கள் மகிழ்வதில் தவறு என்ன?

நேர்மைக்காக இதையும் சேர்க்கிறேன்: எங்கள் மரபிலேயே இப்னு ருஷ்து (1126–1198) கஸ்ஸாலியைக் கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார். உலகம் எப்போதும் இருந்து, எப்போதும் இறைவனைச் சார்ந்தே இருந்திருக்கலாம் என்ற பக்கமே அவர் சாய்ந்தார். இறை நம்பிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே அணி என்று யாரும் எண்ண வேண்டாம்.

காவிரிக்கரையான்

நாகூர் ஐயா கேட்ட 'மகிழ்வதில் தவறு என்ன' என்ற கேள்விதான் இந்த இழையை நான் தொடங்கிய காரணமே. விரிவடையும் பேரண்டம் என்ற கருத்தை 1927இலும், அதன் தொடக்கம் ஓர் ஆதி அணுவைப் போன்றது என்பதை 1931இலும் முன்வைத்த ஜார்ஜ் லெமைத்ர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார். 1951ஆம் ஆண்டு நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இந்த அறிவியல் படைப்புக்குச் சான்று பகர்வதாக உரையாற்றினார். லெமைத்ர் மகிழவில்லை. தம் கொள்கை சமயக் கேள்விக்கு முற்றிலும் வெளியே நிற்பது, இறைவனை மறுப்பவரும் ஏற்பவரும் அதை ஒருங்கே கையாளலாம் என்ற நிலையில் கடைசிவரை உறுதியாக இருந்தார். திருநிலைப்படுத்தப்பட்ட ஒரு குருவானவர் தம் கண்டுபிடிப்பைத் தம் திருச்சபைக்கே வாதப்பொருளாகத் தர மறுத்தார் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு அவர்மேல் மதிப்புக் கூடுகிறது.

மறுபக்கமும் அப்படியே. நாத்திகரான வானியலாளர் பிரெட் ஹாயில், தொடக்கம் என்ற எண்ணமே படைப்புக் கதையை நினைவூட்டுகிறது என்று அதை வெறுத்தார். 1948இல் ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்ட் ஆகியோருடன் சேர்ந்து, பேரண்டம் எப்போதும் ஒரே தோற்றத்துடன் இருக்கிறது என்ற மாறாநிலைக் கொள்கையைக் கொண்டுவந்தார். 'பிக் பேங்' என்ற பெயரையே 1949இல் பிபிசி வானொலியில் முதலில் சொன்னவர் அவர்தாம். அந்தக் காலத்தில் அவர் பக்கமும் நியாயம் இருந்தது: 1929இல் ஹபிள் அளந்த விரிவு வேகத்தை வைத்துக் கணக்கிட்டால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுக்கும் குறைவாக, பூமியிலுள்ள பாறைகளைவிட இளையதாக வந்தது! அளவீடுகள் திருந்தியபின் அந்தச் சிக்கல் நீங்கியது. ஹாயிலுடன் பணியாற்றிய நம் ஜெயந்த் நார்லிக்கர், 1993இல்கூட ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து தொடக்கமே இல்லாத ஒரு பேரண்ட மாதிரியை முன்வைத்தார். பெரும்பாலான வானியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அப்படி ஏற்காததற்குச் சமயம் காரணம் அன்று, சான்றுகளே காரணம்.

இனி, தொடக்கம் உறுதியாகிவிட்டதா என்ற கேள்வி. 1955இல் கொல்கத்தாவின் அமல்குமார் ராய்சவுத்ரி வெளியிட்ட சமன்பாட்டை அடிப்படையாகக் கொண்டு, பென்ரோஸும் ஹாக்கிங்கும் 1965 முதல் 1970 வரையிலான ஆண்டுகளில் சில தேற்றங்களை நிறுவினார்கள். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் எல்லா நிலையிலும் சரியாக இருந்து, பருப்பொருளும் சில நிபந்தனைகளுக்கு உட்படுமானால், பின்னோக்கிப் போகும் பாதைகள் ஒருமைப்புள்ளி என்ற முட்டுச்சந்தில் முடிந்தே ஆக வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆனால் அந்த முட்டுச்சந்துக்கு அருகில் குவாண்டம் விளைவுகள் மேலோங்கும்போது பொதுச் சார்பியலே செல்லாது என்பதை இயற்பியலாளர் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அங்கே என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு வகை முயற்சிகள் உண்டு. 1983இல் ஹார்ட்டிலும் ஹாக்கிங்கும் சொன்னதுபோல, காலத்துக்கு விளிம்பு என்பதே இல்லாமல் இருக்கலாம். அபய் அஷ்டேகர் முதலானோர் சொல்வதுபோல, முன்பு சுருங்கிய ஒரு பேரண்டம் மீண்டு விரிந்ததாகவும் இருக்கலாம். எது சரி என்று சொல்ல இன்று சான்று இல்லை. 'தொடக்கம் உடையது' என்ற படியை அறிவியல் இன்னும் கட்டி முடிக்கவில்லை, ஐயா. அதில் காலை ஊன்ற வேண்டாம் என்றே சொல்கிறேன்.

தஞ்சை வேதியியல் ஆசிரியை (தஞ்சாவூர்)

சகோதரர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். 'அப்போது யாரும் அங்கே இருந்து பார்க்கவில்லையே' என்று மாணவர்கள் கேட்கும்போது நான் வகுப்புக்கு எடுத்துச்செல்லும் பொருள் ஒன்று உண்டு. அரியலூர்ப் பக்கம் கிடைத்த அம்மோனைட் புதைபடிவம் அது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, பழுப்பேறிய சுண்ணாம்புக்கல், ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல உட்சுருண்ட ஓடு, விரலால் தடவினால் ஒவ்வொன்றாக எண்ணக்கூடிய வரிகள். கடல்வாழ் உயிரி, இன்று கடலே இல்லாத இடத்தில் கிடைக்கிறது. இன்று சிமென்டுக்காகத் தோண்டும் அந்த நிலம் ஒருகாலத்தில் கடலுக்கடியில் கிடந்தது என்பதை யாரும் நேரில் பார்க்க வேண்டியதில்லை, கல் சொல்கிறது.

பேரண்டத்துக்கும் அப்படிப்பட்ட கல் உண்டு, அது ஹீலியம். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் இந்தியாவின் மேல் சென்ற முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்கள் சூரிய ஒளியின் நிறமாலையில் கண்ட மஞ்சள் கோட்டின் வழியாகத்தான் அந்தத் தனிமத்தின் கதை தொடங்கியது. பூமியில் அது பிரித்தெடுக்கப்பட்டது 1895இல். பேரண்டத்தின் சாதாரணப் பருப்பொருளில் நிறைப்படி ஏறத்தாழ கால் பங்கு ஹீலியம், மீதி பெரும்பாலும் ஹைட்ரஜன். விண்மீன்கள் இவ்வளவு ஹீலியத்தைச் சமைத்திருக்க முடியாது. ஆனால் தொடக்கத்தின் வெப்பமான நிலையில், முதல் சில நிமிடங்களில் அணுக்கரு வினைகள் எவ்வளவு ஹீலியத்தை விட்டுச்செல்லும் என்று கணக்கிட்டால், அதே கால் பங்கு வருகிறது. இதனோடு, ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதில் பேரண்டம் ஒளிபுகும் தன்மை அடைந்தபோது புறப்பட்ட ஒளி, இன்று 2.7 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்து நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. பென்சியாஸும் வில்சனும் 1964இல் அதைக் கண்டபோது, ஆண்டெனாவில் புறா எச்சம் படிந்ததால் வரும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துக்கூடப் பார்த்தார்கள். அந்தச் செய்தி லெமைத்ர் 1966இல் இறப்பதற்குச் சற்று முன் அவரை எட்டியது.

முதல் நிமிடங்கள் வரை சான்று என்னும் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, அதற்கப்பால் இல்லை. 'தெரியாது' என்பது முழுக்கதைக்கும் பொருந்தும் சொல் என்று எந்தத் தரப்பும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன்.

மன்னைப் பகுத்தறிவாளன்

ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. திருவிடைமருதூர்த் தம்பியின் குயவனுக்கு இப்போது வருகிறேன். குயவன் குடம் செய்வதை நாம் கண்ணால் காண்கிறோம். அதனால் ஒரு குடத்தைப் பார்த்ததும் குயவனை ஊகிப்பது நியாயம். உலகம் செய்யப்படுவதை ஒருவரும் கண்டதில்லை. மேலும், மாயை சடப்பொருள், தானாக இயங்காது, ஆகவே இயக்குபவன் வேண்டும் என்பதுதானே உங்கள் வாதத்தின் முதுகெலும்பு? அம்மா குறிப்பிட்ட நுண்ணலைக் கதிர்வீச்சில் இடத்துக்கு இடம் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே ஏற்றத்தாழ்வு இருப்பதை 1992இல் கோபி (COBE) செயற்கைக்கோள் காட்டியது. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வுகளை ஈர்ப்பு விசை தானாகவே கூட்டிக்கூட்டித்தான் விண்மீன் திரள்கள் உருவாயின. சடம் தானே ஒழுங்கு கொள்கிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இங்கே குயவனுக்கு என்ன வேலை?

இறைவனை ஏற்காமலே சமயம் நடத்தியவர்களும் நம் ஊர்க்காரர்களே. எங்கள் மன்னார்குடியில் மல்லிநாதர் சமணக் கோயில் இன்றும் இருக்கிறது. உலகம் யாராலும் படைக்கப்படாதது என்பது சமணக் கொள்கை. நாகப்பட்டினத்தில் இராசராச சோழன் காலத்திலேயே சூடாமணி விகாரம் இருந்தது. பௌத்தருக்கும் படைப்புக் கடவுள் இல்லை. 'இறைவனா, இயற்கையா' என்று இரண்டே கதவுகள் வைத்துப் பேசுவது இந்த ஆற்றுப்படுகையின் வரலாற்றுக்கே பொருந்தவில்லை.

நாகூர்க் கடலோரம்

ஈர்ப்பு விசை திரள்களை உருவாக்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈர்ப்பு விதி ஏன் இருக்கிறது என்று கேட்கிறேன். ஹாயிலையே எடுத்துக்கொள்வோம். விண்மீனுக்குள் கார்பன் உண்டாக வேண்டுமானால் அதன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1953இல் முன்கூட்டிச் சொன்னார். சோதித்துப் பார்த்தபோது 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் அது இருந்தது. அந்த நாத்திகரே பிற்காலத்தில், இயற்பியல் விதிகளில் ஏதோ ஓர் அறிவு கைவைத்திருப்பதுபோல் தோன்றுகிறது என்று எழுதினார். குவாண்டம் வெற்றிடத்திலிருந்து பேரண்டம் தானே எழுந்தது என்பவர்களும், அந்த வெற்றிடத்தையும் அதற்கான விதிகளையும் இருப்பதாக எடுத்துக்கொண்டுதானே தொடங்குகிறார்கள்? அது இன்மை ஆகாதே.

காவிரிக்கரையான்

ஐயாவின் கடைசி வரி மிகச் சரியானது, அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அது காலத்தின் தொடக்கத்தைப் பற்றிய வாதம் அன்று. எதுவும் ஏன் இருக்கிறது என்ற வாதம். பேரண்டம் தொடக்கமற்றது என்று நாளை உறுதியானாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். அதனால்தான் இப்னு ருஷ்தை நீங்கள் குறிப்பிட்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாசும் (1225–1274), உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் மட்டும் நிறுவ முடியாது, அது நம்பிக்கையால் ஏற்பது என்றே எழுதினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன். முன்பு சுருங்கிய பேரண்டம் மீண்டு விரிந்தது என்று சான்று கிடைத்தால், கஸ்ஸாலியின் இரண்டாம் படிக்கு வானியல் தந்த ஆதரவு போய்விடும். சித்தாந்தத்துக்கும் சமணத்துக்கும் அது இயல்பாகப் பொருந்தும். காலமே ஒரு புள்ளியில் தொடங்கியது என்று சான்று கிடைத்தால், தோற்றமும் ஒடுக்கமும் மாறிமாறி வருகின்றன என்ற கொள்கைகள் விடை சொல்லியாக வேண்டும். தம்பி, அப்படி நேர்ந்தால் உங்கள் விடை என்ன?

சித்தாந்தம் பயில்பவன்

ஐயாவின் கேள்விக்கு விடை எங்கள் தத்துவ வரிசையிலேயே இருக்கிறது. சித்தாந்தம் உலகத்தை வகுக்கும் முப்பத்தாறு தத்துவங்களுள் காலம் என்பதும் ஒன்று. அது மாயையிலிருந்து தோன்றுவது, மாயையில் ஒடுங்குவது. எனவே காலத்துக்குத் தொடக்கம் உண்டு என்று இயற்பியல் காட்டினாலும் சித்தாந்தம் தடுமாறாது. மன்னைத் தோழருக்கும் சொல்கிறேன்: இறைவன் கையால் மண்ணைப் பிசைபவன் என்று நாங்கள் கொள்வதில்லை. சூரியன் முன்னிலையில் தாமரை மலர்வதும் மற்றொன்று வாடுவதும் நிகழ, சூரியன் விகாரப்படாமல் நிற்பதுபோல, அவன் சந்நிதியில் ஐந்தொழிலும் நிகழ்கின்றன. ஈர்ப்பு விசை திரள்களை உருவாக்குவதும் இறைவன் இருப்பதும் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல.

மன்னைப் பகுத்தறிவாளன்

பொறுமையாக விளக்கியதற்கு நன்றி, தம்பி. ஆனால் என் குறை இப்போதுதான் கூர்மையாகிறது. தொடக்கம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. சடம் தானே ஒழுங்கு கொண்டாலும் சரி, கொள்ளாவிட்டாலும் சரி. எது நடந்தாலும் கொள்கை அசையாது என்றால், அது உலகத்தைப் பற்றி என்ன சொல்கிறது? பெருவெடிப்புக் கொள்கை நுண்ணலைக் கதிர்வீச்சு இல்லாமல் போயிருந்தால் விழுந்திருக்கும். ஹாயிலின் கொள்கை அதைக் கண்டதும் விழுந்தது. உங்கள் கொள்கை விழக்கூடிய இடம் எது என்று சொல்லுங்கள்.

சித்தாந்தம் பயில்பவன்

நியாயமான கேள்வி, நேராகவே விடை சொல்கிறேன். அந்த இடம் விண்வெளியில் இல்லை, தோழரே நேற்று எழுதிய பூதவாதியிடம் இருக்கிறது. அறிவது உயிர், சடம் ஒருபோதும் அறியாது. உயிர்கள் மலம் என்னும் தளை நீங்கும் பொருட்டே உலகம் தோற்றுவிக்கப்படுகிறது. எங்கள் கட்டடம் முழுவதும் இதன்மேல் எழுந்தது. தாதகிப் பூவும் கருப்புக்கட்டியும் சேர்ந்து மயக்கம் பிறப்பதுபோல, சடப்பொருள்கள் சேர்ந்த மாத்திரத்தில் உணர்வு பிறக்கிறது என்று ஐயத்துக்கு இடமின்றி யாரேனும் காட்டிவிட்டால், பசு என்ற தனிப்பொருள் இல்லாமல் போகும். பசு இல்லையென்றால் மாயையை இயக்க ஒரு பதி வேண்டிய காரணமும் போகும். மூளையை ஆராய்பவர்கள் அதைக் காட்டிவிட்டதாக நான் கருதவில்லை. காட்டிவிட்டார்கள் என்று தோழர் கருதினால், அந்தச் சான்றுகளை இங்கேயே வைக்க வேண்டுகிறேன். வரிக்கு வரி படித்து விடை எழுதுகிறேன்.